3,899 ரூபாய் டிக்கெட்டும் கண்டக்டரின் கணக்கு நோட்டும்

கோவில்பட்டியில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து 'கண்டக்டர் வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும். அரசுப் பேருந்தில் 31 வருடங்கள் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி தெருவுக்கே 'கண்டக்டரம்மா'. வேலையை விட்டாலும் கண்டக்டருக்கு ஒரு பழக்கம் விடவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அன்றைய செலவை நோட்டில் எழுதி, கூட்டி, அடிக்கோடு போட்ட பிறகுதான் படுப்பார். 2 ரூபாய் இடித்தால்கூட எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே புரண்டுகொண்டிருப்பார்.

அந்த நோட்டில் 2025 ஜனவரி 12-ம் தேதிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

மகள் நொய்டாவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். முறைப்படி ஏழாம் மாதமே தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவ வர முடியலைனா நாம போவோம்" என்று ஒரே வார்த்தையில் முடிவு செய்தது கண்டக்டரம்மாதான். ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார அவருடைய முழங்கால் ஒத்துழைக்காது. "ப்ளைட்ல போயிருங்க, இப்பல்லாம் ரொம்ப மலிவு" என்றான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. டிசம்பர் மாத ராத்திரி ஒன்றில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவனின் கண்ணில் சென்னை - டெல்லி 3,899 ரூபாய் என்று பட்டது. அதே நாளில் மதுரையில் ஏறி பெங்களூரில் மாறிப் போகும் டிக்கெட் 5,950. ஆளுக்கு 2,051 ரூபாய் மிச்சம், இரண்டு பேருக்கு 4,102. 'இந்த விலையில் 2 சீட்தான் பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் மினுங்கியது. அவ்வளவுதான், விரல் தானாகவே அழுத்திவிட்டது.

கண்டக்டர் காரணத்தை உடனே பிடித்துவிட்டார். "பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஜனம் பூரா சென்னையிலருந்து ஊருக்கு வரும். நாம எதிர்த்திசையில போறோம். காலி சீட்டை ஓட்டிட்டுப் போறதுக்கு வந்த விலைக்கு வித்துருவான்." ஆள் இல்லாத சீட் வண்டி கிளம்பிய நிமிடமே செத்துப்போய்விடும், நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது என்பது பஸ்காரர்களுக்குத் தெரிந்த பாடம்தான். விமானமும் அதே கதை.

அவருக்கு 'சூரரைப் போற்று' படம் மனப்பாடம். சூர்யா நடித்த அந்தக் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத், 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கி 1 ரூபாய்க்கும் சில டிக்கெட்டுகளை விற்றுக் காட்டியவர். சாமானியனும் பறக்கலாம் என்ற அந்த ஆசைதான் இந்தியாவில் மலிவு விலை விமானங்களுக்குப் பிள்ளையார் சுழி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மலிவு எப்படி வந்தது என்பதைப் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? சாப்பாட்டை நிறுத்தி, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். டிக்கெட் என்பது உட்கார ஒரு இடம், அவ்வளவே. மற்றதெல்லாம் தனித்தனிச் சரக்கு. உலகம் முழுக்க மலிவு விமானத்தின் சூத்திரம் இதுதான். அமெரிக்காவில் 'உங்கள் பெட்டிகளுக்குக் காசு இல்லை' என்பதையே பல வருடங்கள் விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட் நிறுவனம்கூட 2025 மே மாதத்திலிருந்து பெட்டிக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊரிலும் கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாக ஒரு மலிவு விலை வைத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்தது.

சரி, மகனின் செல்போனுக்கு வருவோம்.

இரண்டு டிக்கெட்டுக்கு 7,798 ரூபாய் என்றுதான் முதல் பக்கம் சொன்னது. அடுத்த பக்கத்தில் சீட் தேர்வு. சும்மா கிடைக்கும் சீட் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் முதல் தடவை பறக்கிறார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் அம்மா பயந்துவிடுவார் என்று இரண்டு சீட்டை அழுத்தினான், 600 ரூபாய். அதற்கடுத்து பயணக் காப்பீடு ஏற்கெனவே சேர்ந்திருந்தது. 'வேண்டாம், என் பயணத்தை ஆபத்தில் விடுகிறேன்' என்கிற மாதிரி ஒரு வாசகத்தை அழுத்தினால்தான் அதை நீக்க முடியும். பெற்றவர்கள் போகிற விமானத்துக்கு எந்த மகன் அதை அழுத்துவான்? 398 ரூபாய். ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு என்று 10 ரூபாய். கடைசியாகப் பணம் கட்டும் பக்கத்தில் 'வசதிக் கட்டணம்' 700. யாருடைய வசதிக்கு என்று கண்டக்டர் பிறகு கேட்டார். மகனிடம் பதில் இல்லை. ஆக மொத்தம் 9,506.

இப்படி விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடைக்குள் போட்டுவிடுவது, அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது எல்லாமே நுகர்வோரை ஏமாற்றும் தந்திரங்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. மொத்தம் 13 வகைத் தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு டிக்கெட் எடுத்ததில் நாலைந்து வந்துவிட்டது.

இன்னொன்று, பெயர். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். ஒற்றை எழுத்தை அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. மகன் குழம்பி, அம்மாவின் பெயரையே இரண்டு கட்டத்திலும் அடித்துவிட்டான். ஆதாரோடு பொருந்தாதே என்று கிளம்பும் வரை வீட்டில் அதே கவலை. நல்லவேளை, வாசலில் நின்ற காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் என்ன செய்வது? தாய் வீட்டை மகளிடம் கொண்டுபோக வேண்டியதுதான். கண்டக்டரம்மா அதைத்தான் செய்தார். பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி முதற்கொண்டு இடித்துச் சலித்த பொடி. பனங்கருப்பட்டி. பூண்டு இரண்டு கிலோ. குழந்தைக்கு வசம்பு, உரைமருந்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன கண்டக்டரின் பழைய வேட்டிகள். மாப்பிள்ளைக்குக் கடலை மிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ச் சரக்கு ஆயிற்றே). செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். வீட்டுத் தென்னையில் பறித்த நாலு தேங்காய். மகள் போனில் கேட்டுக்கொண்டே இருந்த மிளகாய்க் காரம் தூக்கலான மாங்காய் ஊறுகாய், ஒரு பெரிய பாட்டில் நிறைய. இட்லி அரிசி. அப்புறம், நாலு தலைமுறையாகப் பொங்கல் பொங்கிய சின்ன வெண்கலப் பானை. பொங்கலன்று அவர்கள் நொய்டாவில் அல்லவா இருப்பார்கள்?

"எவ்வளவு கொண்டு போலாம்டா?" என்று மகனிடம் கேட்டார்கள். "ஆளுக்குப் பதினஞ்சு கிலோ" என்றான். வீட்டில் தராசு இல்லை. கண்டக்டர் மூன்று பைகளையும் கையால் தூக்கிப் பார்த்து, "முப்பதுக்குள்ளதான் இருக்கும்" என்றார். ஆயிரக்கணக்கான மூட்டைகளைப் பார்த்த கை என்ற நம்பிக்கை.

காலை 8 மணி பஸ். பொங்கல் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருக்க, இவர்களுக்குக் காற்றோட்டமாக இடம் கிடைத்தது. இருவருக்கும் 1,260 ரூபாய். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இப்போது நகருக்குள் போவதில்லை. 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு சரி. மூன்று பெரிய பைகளோடு மாநகரப் பேருந்தில் ஏற முடியாமல் ஆட்டோ பிடித்தார்கள். 600. விமான நிலைய வாசலில் இறங்கும்போது இரவு 7.30. விமானம் 10.15-க்கு.

கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். "வெப் செக்-இன் பண்ணிட்டீங்களா சார்?" பண்ணவில்லை. ஒரு காலத்தில் இதற்கும் சில நிறுவனங்கள் 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக்காசு வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்ன பிறகு நின்றது. அந்த வகையில் தப்பித்தார்கள்.

பைகள் ஒவ்வொன்றாக ஏறின. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 41 கிலோ.

"பதினோரு கிலோ எக்ஸ்ட்ரா சார். கிலோவுக்கு 550. ஆறாயிரத்து ஐம்பது ரூபா வரும்."

ஒரு ஆளின் டிக்கெட்டைவிட அதிகம். கண்டக்டர் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. லக்கேஜ் டிக்கெட் கிழிக்கும்போது எத்தனை பேர் தன்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். "தம்பி... இல்ல, தாயி, இதை முன்னாடியே கட்டியிருந்தா கம்மியா?" என்று மட்டும் கேட்டார். ஆன்லைனில் முன்கூட்டியே கட்டியிருந்தால் குறைவுதான், ஆனால் இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றாள் அந்தப் பெண். அவளும்தான் என்ன செய்வாள்?

வரிசையிலிருந்து விலகி, ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். வழவழவென்று முகம் தெரிகிற தரை. அதில் கண்டக்டரம்மா தன் மூன்று பைகளையும் அவிழ்த்தார். மூன்று மாதம் முன்பிருந்தே யோசித்து யோசித்துச் சேர்த்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பூண்டு வாசம் பரவியது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் கேலி செய்யவில்லை. ஆனாலும் தெருவில் யாரிடமும் தலை குனியாத அந்த அம்மா, அந்தப் பத்து நிமிடமும் தலையை நிமிர்த்தவே இல்லை என்று கண்டக்டர் பிறகு மகனிடம் சொல்லியிருக்கிறார்.

எதை விடுவது? பிரசவ மருந்தை விட முடியாது. கருப்பட்டியும் பூண்டும் பச்சை உடம்புக்காரிக்கு வேண்டும். பானையைக் கையில் எடுத்த கண்டக்டர், "இது மட்டும் ரெண்டு கிலோ வரும். ஆயிரத்து நூறு ரூபா" என்றார். அந்த அம்மா பதிலே சொல்லாமல் அதை வாங்கித் திரும்ப உள்ளே வைத்தார். இட்லி அரிசி வெளியே வந்தது. தேங்காய் நான்கும் வெளியே வந்தன. ஊறுகாய் பாட்டிலும் எண்ணெய் பாட்டிலும் கையோடு கொண்டுபோகிற கட்டைப்பைக்கு மாறின. அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, "எடுத்துக்கம்மா, நம்ம வீட்டுத் தேங்காதான்" என்று அரிசியையும் தேங்காயையும் கொடுத்தார். அவர் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டு, "உங்க பொண்ணுக்கு நல்லபடியா ஆகும்மா" என்றார். அந்த நாளில் கேட்ட ஒரே நல்ல வார்த்தை.

கூத்து என்னவென்றால், அடுத்த வரிசையில் கொச்சிக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் இருமுடியில் தேங்காயோடு நின்றார்கள். கைப்பையில் தேங்காய்க்கு அனுமதி கிடையாது. அந்த சபரிமலை சீஸனுக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காய்க்குப் பாதுகாப்பு அமைப்பு விலக்கு கொடுத்திருந்தது. "சாமி தேங்கா போகுது, நம்ம தேங்கா போகலை" என்று கண்டக்டர் சிரிக்க முயன்றார். மனைவி சிரிக்கவில்லை.

மறுபடி எடை. 35 கிலோ. கூடுதல் 5 கிலோவுக்கு 2,750 ரூபாய் கட்டினார்கள்.

இவர்களுக்கு முன்னால் நின்ற பையன் ஒருவன், முதுகில் ஒற்றைப் பை, காதில் இயர்போன். மூட்டை கட்ட உதவி செய்தான். பேச்சுவாக்கில் டிக்கெட் எவ்வளவு என்று கண்டக்டர் கேட்க, "அங்கிள், எனக்கும் 3,899தான்" என்றான். சீட் எடுக்கவில்லை, காப்பீட்டை நீக்கிவிட்டான், கட்டணம் இல்லாத ஏதோ ஒரு கார்டில் கட்டியிருக்கிறான், கைப்பை ஏழு கிலோவுக்குள். விளம்பரத்தில் போட்ட விலைக்கே டெல்லி போகிறவனைக் கண்டக்டர் அன்றுதான் கண்ணால் பார்த்தார். அந்த விலை பொய்யில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. இந்த வழியெல்லாம் தெரிந்தவனுக்கு அது நிஜமான விலை. அவனுக்குக் குறைகிற காசில் ஒரு பங்கை, முதல் தடவை பறக்கிற இவரைப் போன்றவர்கள் கவுன்ட்டரில் கட்டுகிறார்கள். அந்தப் பையன் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. நல்ல பிள்ளை, பையைச் சோதனை இயந்திரம் வரை தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்தச் சோதனை இயந்திரத்தில்தான் ஊறுகாய் மாட்டியது. மிளகாய் ஊறுகாய் கைப்பையில் போகக் கூடாது என்பது விதி. பெட்டியில் போயிருந்தால் பிரச்னையே இல்லை. கிலோவுக்கு 550 ரூபாய்க்குப் பயந்துதான் அது கைப்பைக்கு வந்தது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் இந்தியில் ஏதோ சொன்னார். கண்டக்டரம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பாட்டில் தொட்டிக்குள் போயிருந்தது. எண்ணெயும் அதன் பின்னாலேயே போனது. "என் பொண்ணு வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்" என்று அவர் தமிழில் சொன்னது அந்தக் காவலருக்கும் புரிந்திருக்காது.

உள்ளே இரண்டு காபி 380 ரூபாய். சென்னை விமான நிலையத்தில் 10 ரூபாய்க்கு டீ தரும் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தது அடுத்த மாதம், பிப்ரவரி கடைசியில். இவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. விமானமும் 10.15-க்குக் கிளம்பாமல் 12.35-க்குத்தான் கிளம்பியது. தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்று விதி உண்டு. இரண்டரை மணி நேரத்துக்குள் பறக்கும் விமானம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கே தர வேண்டும். இரண்டரைக்கு மேல் 5 மணி நேரத்துக்குள் என்றால் 3 மணி நேரம் தாமதமாக வேண்டும். டெல்லிக்குப் பறக்கும் நேரம் இரண்டே முக்கால் மணிக்கு மேல். தாமதமோ இரண்டு மணி இருபது நிமிடம். கொண்டுவந்த புளிச்சோறுதான் காப்பாற்றியது.

டெல்லியில் இறங்கும்போது விடியற்காலை 3.25. மாப்பிள்ளை வந்து காத்திருந்தார். பகலில் இறங்கியிருந்தால் முதல் முனையத்திலிருந்து மஜென்டா வழித்தட மெட்ரோ நேரே நொய்டாவின் பொட்டானிக்கல் கார்டனுக்கே போகும். மூன்று பேருக்கும் 150 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் மெட்ரோ ஏது? டாக்ஸிக்கு 1,150.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கண்டக்டரம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். இன்னொரு சொம்பு. "ஏன்மா, ப்ளைட்ல தண்ணி குடிக்கலையா?" என்றாள் மகள். தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், பக்கத்து சீட்காரர் ஒரு டீக்கு நோட்டை நீட்டியதைப் பார்த்தேன், எதைத் தொட்டாலும் காசாக இருக்கும்போது தண்ணீருக்கு எவ்வளவு கேட்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன் என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள மூன்று மணி நேரம்.

"அத்தை, தண்ணி கேட்டா ஒரு கப்ல சும்மா தருவாங்களே" என்றார் மாப்பிள்ளை.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று சாயங்காலம் கண்டக்டர் நோட்டை எடுத்தார். டிக்கெட் 9,506. பஸ் 1,260. ஆட்டோ 600. காபி 380. லக்கேஜ் 2,750. டாக்ஸி 1,150. கூட்டினால் 15,646. அதோடு விடவில்லை. மதுரையில் ஏறியிருந்தால் எவ்வளவு என்று பக்கத்திலேயே இன்னொரு கணக்கு. லக்கேஜ் எங்கே ஏறினாலும் உண்டு என்பதால் இரண்டிலுமே அதை விட்டுவிட்டார். நியாயமான மனிதர். சீட், காப்பீடு, வசதிக் கட்டணம் எல்லாம் அங்கேயும் சேர்த்தார். மதுரைக்குப் பஸ், ஆட்டோ 500. டெல்லியில் மெட்ரோ 150. வந்த தொகை 14,258. சென்னை வழி 12,896. ஆக, திரையில் 4,102 என்று தெரிந்த மிச்சம் கைக்கு வந்தபோது 1,362. ஒரு பகல் முழுக்க பஸ், ஒரு ராத்திரி முழுக்க விழிப்பு, அந்த முழங்கால் வீக்கம் இறங்க ஆன நாலு நாள் எல்லாம் இந்த 1,362 ரூபாய்க்குள் அடக்கம்.

ஊறுகாயும் எண்ணெயும் நோட்டில் இல்லை. "வீட்டுல போட்டதுக்கு என்ன விலை எழுத?" என்றாராம்.

பொங்கலன்று நொய்டாவில் ஐந்தாவது மாடியில் கேஸ் அடுப்பில் வெண்கலப் பானையில் பால் பொங்கியது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். பேத்தி பிப்ரவரி முதல் வாரத்தில் பிறந்தாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை, விளக்கு வெளிச்சத்தில் சில நாள் வைக்க வேண்டும் என்றார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் 10-ம் தேதி கண்டக்டர் மட்டும் ஊர் திரும்ப எடுத்திருந்த 4,350 ரூபாய் டிக்கெட் வீணானது. ரத்து செய்தால் 118 ரூபாய் திரும்ப வரும் என்றது செயலி.

இந்தத் தடவை அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியை உட்காரவைத்து, டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொன்னார். எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும், திரும்பப் பெற முடியாதது என்று போட்டே விற்றிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். பறக்காத பயணிக்காக அவற்றை நிறுவனம் வைத்துக்கொள்ள முடியாது. ரத்துக் கட்டணம் என்பது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டவும் கூடாது. நிறையப் பேர் 118 ரூபாயைப் பார்த்ததுமே 'போய்த் தொலையுது' என்று விட்டுவிடுவதால் இந்த விதி ஏட்டிலேயே இருக்கிறது. மாணவி, மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் பதிந்தாள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் கண்டக்டரே பேசினார். மூன்று வாரம் கழித்து இன்னொரு 430 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. அதையும் நோட்டில் வரவாக எழுதியிருக்கிறார்.

"லக்கேஜுக்குக் காசு வாங்குறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்" என்பார் அவர், இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும். "நானே வாங்கினவன். ஆனா, மூட்டை தூக்கிட்டு ஒரு ஆள் வர்றப்பவே படியில நின்னு சொல்லிருவேன், 'அய்யா இதுக்குத் தனி டிக்கெட் ஆகும், சம்மதம்னா ஏறு'ன்னு. பாதி வழியில, ஊரே இல்லாத பொட்டல்ல வண்டியை நிறுத்தி, காசை எடு இல்லைனா மூட்டையை இறக்குன்னு சொன்னதில்ல."

ஊர் திரும்பியதும் கண்டக்டர் முதல் வேலையாக எட்டயபுரம் சாலையில் ஒரு கடையில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு வாங்கினார். 350 ரூபாய். இப்போது அந்தத் தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் துபாய்க்கோ டெல்லிக்கோ போகிறவர்கள் முதல் நாள் சாயங்காலம் பெட்டியோடு கண்டக்டர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். போன வாரம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண், பூனாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு பெட்டியும் கட்டைப்பையும் கொண்டுவந்தார். தராசில் மாட்டித் தூக்கினார் கண்டக்டர். 16 கிலோ 400 கிராம்.

"ஒண்ணரைக் கிலோ இறக்கணும் தாயி. ஊறுகா எதுல வச்சிருக்க?"

"கைப்பைலண்ணே. பெட்டில வச்சா எண்ணெ ஒழுகிருமேன்னு..."

உள்ளேயிருந்து கண்டக்டரம்மா எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, அந்தப் பாட்டிலை வாங்கி, மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளும் அதன் மேல் துணியும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டினார். பெட்டியின் நடுவில் இரண்டு புடவைகளுக்கு இடையில் அதைச் சொருகினார்.

"அரிசியை எடுத்துரு. அரிசி எங்கயும் கிடைக்கும்" என்றார். "அப்புறம், ப்ளைட்ல ஏறினதும் தண்ணி கேளு. அதுக்குக் காசு கிடையாது."